இரண்டரை மணிக்கு ஊரில் நள்ளிரவு

கணவனின் ஃபோன் எத்தனை மணிக்கு லாக்கருக்குள் போகும், எத்தனை மணிக்கு வெளியே வரும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அவன் வேலை பார்த்தது ஒரு மருந்துக் கம்பெனியில். மாத்திரை செய்யும் பகுதிக்குள் யாரும் ஃபோன் கொண்டுபோகக் கூடாது. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பை மாட்டிக்கொண்டு காலை ஆறு மணிக்கு உள்ளே போனால், பதினொரு மணிக்கு அரை மணி நேரம் வெளியே விடுவார்கள். டீ குடித்துக்கொண்டே அவளைக் கூப்பிடுவான். பதினொன்றரைக்கு மறுபடி உள்ளே. பிறகு மூன்று மணிக்குத்தான் ஃபோன் அவன் கைக்கு வரும்.

அன்றும் பதினொன்று பத்துக்குக் கூப்பிட்டான். என்ன செய்கிறாய் என்று கேட்டான். துணி மடித்துக்கொண்டிருக்கிறேன் என்றாள். அது பொய்யில்லை. மடித்த துணி அலமாரிக்குப் போகவில்லை, தோள்பைக்குள் போனது, அவ்வளவுதான்.

பையில் மூன்று செட் துணி, பாஸ்போர்ட், படிப்புச் சான்றிதழ்கள், ஊர் பேங்க் கார்டு. வேறு எதையும் எடுக்கவில்லை. கதவைப் பூட்டிச் சாவியைத் தபால் பெட்டிக்குள் போட்டாள். போட்ட பிறகு கையை உள்ளே விட்டு எடுக்கப் பார்த்தாள். விரல் எட்டவில்லை. அதன் பிறகுதான் படி இறங்கினாள்.

கல்யாணத்துக்கு முன்னால் ஊரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் ஆறு வருஷம் வேலை பார்த்தவள் அவள். வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டுக் கண்ணாடி பவர் பார்த்துச் சொல்வது வேலை. அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தது முழுக்க அவள் பேரில் ஊர் பேங்க்கில் இருந்தது. இந்த நாட்டுக்கு வந்த முதல் மாதம் இருவரும் சாப்பிட்டது அந்தக் கார்டில்தான். அதற்காகவே வெளிநாட்டில் பணம் எடுக்கும் வசதியையும் திறந்து வைத்திருந்தார்கள். பிறகு அவன், ஊர் சிம் எப்படியும் செத்துப்போய்விடும், உனக்கு எதற்கு இந்தத் தொல்லை என்று சொல்லி, பேங்க்கில் இருந்த அவள் நம்பரை எடுத்துவிட்டுத் தன் நம்பரைப் போடவைத்தான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் அவள்தான்.

கார்டை அவன் ஒருநாளும் பிடுங்கவில்லை. "உன்கிட்டயே இருக்கட்டும். எடுத்தா எனக்குத் தெரிஞ்சிடப் போகுது" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அன்றைக்கு அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். ஒரு தடவை குளிருக்கு ஷூ வாங்கக் கொஞ்சம் எடுத்தாள். அவள் வீடு வந்து சேர்வதற்குள் அவன் ஃபோனில் மெசேஜ் வந்திருந்தது: எவ்வளவு, எந்தத் தெரு மெஷின், எத்தனை மணி. ராத்திரி படுக்கும்வரை அந்த ஷூவைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தான். குரலை உயர்த்தவே இல்லை.

குளிர் உச்சத்தில் இருந்த சமயம் எதிர்வீட்டு அம்மாளோடு அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டாள். அன்று சாயந்தரம் பால்கனியில் ஏதோ காட்டுகிறேன் என்று கூப்பிட்டான். அவள் வெளியே வந்ததும் உள்ளே போய்க் கதவைத் தாழிட்டான். ஒன்றரை மணி நேரம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் உட்கார்ந்து சாப்பிட்டதையும் தட்டைக் கழுவி வைத்ததையும் அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். கதவைத் திறந்ததும் அவன் கேட்டது ஒரே வார்த்தை. "குளிருதா?"

அதை அவள் ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னாள். அதே கண் ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்த்தவள், அவளைவிட ஏழு வயது மூத்தவள். கோட்டுப் பாக்கெட்டில் எப்போதும் ஒரு உதிரி லென்ஸ் கிடக்கும் என்பதால் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் லென்ஸ் அக்கா. இப்போது இதே நாட்டில், பஸ்ஸில் மூன்று மணி நேரத் தூரத்தில், ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் இருந்தாள். அவள் தங்கியிருந்த பெண்கள் விடுதியில் ஒரு கட்டில் காலியாகியிருந்தது. அன்று ராத்திரிக்குள் வந்து முன்பணத்தைக் கையில் கொடுத்தால் கட்டில் கிடைக்கும், இல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். ஊர் பேங்க் ஒரு நாளைக்கு எடுக்கவிடும் தொகையைப்போல இரண்டு மடங்கு அந்த முன்பணம். லென்ஸ் அக்காவும் அப்போதுதான் ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

வழியைக் கண்டுபிடித்தவள் லென்ஸ் அக்காதான். பேங்க்குக்கு நாள் என்பது ஊர் நாள். இங்கே மதியம் இரண்டரை மணி என்றால் ஊரில் ராத்திரி பன்னிரண்டு. இரண்டரைக்கு முன்னால் ஒரு தடவை எடுத்தால் அது ஒரு நாள் கணக்கு. இரண்டரைக்குப் பின்னால் எடுத்தால் அடுத்த நாள் கணக்கு. மூன்று மணிக்குப் பஸ். மூன்று மணிக்குத்தான் அவன் லாக்கரைத் திறப்பான். மெசேஜைப் படிக்கும்போது பஸ் கிளம்பியிருக்கும்.

கடைத்தெருவில் முதலில் பார்த்த மெஷினில் கார்டைச் செருகினாள். உள்ளே இழுத்து, ஒரு நிமிஷம் யோசித்து, இந்தக் கார்டு இங்கே செல்லாது என்று திருப்பித் தள்ளிவிட்டது. இரண்டு கடை தள்ளி இன்னொரு பேங்க் மெஷின். அது எடுத்துக்கொண்டது. பின் நம்பர் கேட்டது. எவ்வளவு வேண்டும் என்று கேட்டது. அன்றைய முழுத் தொகையையும் அடித்தாள். ஊர்ப் பணத்தில் கணக்குப் போடவா, இந்த நாட்டுப் பணத்திலேயே போடவா என்று கேட்டது. லென்ஸ் அக்கா சொல்லிவைத்திருந்தபடி இந்த நாட்டுப் பணத்தை அழுத்தினாள். உள்ளே நோட்டு எண்ணுகிற சத்தம் மாதிரி ஏதோ கேட்டது. பிறகு சத்தம் நின்றது. மன்னிக்கவும், இயலவில்லை என்று திரையில் எழுத்து வந்தது. கார்டு வெளியே வந்தது. பணம் வரவில்லை.

பணம் கணக்கிலிருந்து போய்விட்டதா, இல்லையா? போயிருந்தால் அன்றைய அளவு தீர்ந்தது. ஒன்று மட்டும் நிச்சயம், லாக்கருக்குள் இருக்கிற ஃபோனில் இந்நேரம் ஒரு மெசேஜ் விழுந்திருக்கும். இனிமேல் வீட்டுக்குத் திரும்பிப்போய்த் துணியை அலமாரியில் அடுக்கிவைத்தாலும் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்க முடியாது.

கார்டின் பின்பக்கம் இருந்த நம்பருக்கு ஃபோன் போட்டாள். ஃபோனில் இருந்த பேலன்ஸ் கொஞ்சம்தான். அவன் மாதத்துக்கு ஒரு தடவை, தன் கையால்தான் போட்டுவிடுவான். தமிழுக்கு இதை அழுத்து, கார்டுக்கு அதை அழுத்து என்று சொல்லிவிட்டுப் பாட்டு ஓடவிட்டார்கள். அந்த நாதஸ்வர இசை ஓட ஓடப் பேலன்ஸ் கரைவது அவளுக்குக் காதிலேயே தெரிந்தது. கடைசியில் ஒரு பெண் குரல் வந்தது. விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, சரிபார்ப்பதற்காக உங்கள் மொபைலுக்கு ஒரு ஓடிபி வரும், அதைச் சொல்லுங்கள் மேடம் என்றது.

"அனுப்பாதீங்க. அந்த நம்பர் என்கிட்ட இல்ல."

"யார்கிட்ட இருக்கு மேடம்?"

"வீட்டுக்காரர்கிட்ட."

"அவர்கிட்ட கேட்டுச் சொல்ல முடியுமா?"

"முடியாது. அவருக்குத் தெரியாமத்தான் எடுக்கிறேன். அது நான் வேலை பார்த்துச் சேர்த்த பணம்ங்க."

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டுகிற ஓசை கேட்டது. பிறகு அந்தப் பெண் வேறு கேள்விகள் கேட்க ஆரம்பித்தாள். பிறந்த தேதி, அம்மா பெயர், கணக்குத் தொடங்கிய கிளை, சம்பளம் போட்டுக்கொண்டிருந்த ஆஸ்பத்திரியின் பெயர், கார்டின் கடைசி நாலு எண். எல்லாவற்றுக்கும் அவள் ஒரே மூச்சில் பதில் சொன்னாள். பணம் கணக்குக்குத் திரும்பிவிட்டது என்று அந்தப் பெண் சொன்னாள். அந்த மெஷின் ஒரு தடவைக்குத் தருகிற அளவைவிட அதிகம் கேட்டிருக்கிறீர்கள், பாதி பாதியாக இரண்டு தடவை எடுங்கள், வரும் என்றாள். அதோடு ஃபோனை வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

"மேடம், இன்னொன்னு கேக்கிறேன். நெட் பேங்கிங் நீங்கதான் பயன்படுத்துறீங்களா?"

"இல்ல. அவர்தான்."

"அதை நிறுத்தணுமா?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பஸ் நேரத்தை யோசித்திருந்தாள், பையை யோசித்திருந்தாள், ஊர் நள்ளிரவைக்கூட யோசித்திருந்தாள். அவன் லாக்கரைத் திறந்த அடுத்த நிமிஷம், நின்ற இடத்திலிருந்தே அவள் ஆறு வருஷச் சம்பளத்தையும் தன் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பதை மட்டும் அவள் யோசிக்கவே இல்லை.

"நிறுத்துங்க" என்றாள்.

"நிறுத்தினா அதுக்கும் அந்த நம்பருக்கு மெசேஜ் போகும். பரவாயில்லையா?"

"போகட்டும்."

"நிறுத்தியாச்சு. இனிமே நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் திறக்க முடியும். வேற யாராலயும் முடியாது. ஆனா கார்டை மட்டும் அந்த நம்பர்ல இருந்து ஒரு மெசேஜ் அனுப்பினாலே நிறுத்திடலாம். அதை என்னால தடுக்க முடியாது மேடம். அதனால நீங்க என்ன பண்ணுங்க..."

லைன் அறுந்தது. பேலன்ஸ் தீர்ந்துவிட்டது என்று வேறொரு குரல் இந்த நாட்டு மொழியில் சொன்னது. அதனால் என்ன பண்ணச் சொன்னாள் என்பது கடைசிவரை தெரியாமலே போயிற்று. நன்றி சொல்லக்கூட வழியில்லை.

அதே மெஷினில் பாதி அடித்தாள். வந்தது. மறுபடி பாதி. அதுவும் வந்தது. நோட்டுகளை மடித்துச் சட்டைக்கு உள்பக்கப் பாக்கெட்டில் வைத்து ஊக்கு குத்திக்கொண்டு, இரண்டு தெரு தள்ளி இருந்த பஸ் நிலையத்துக்கு நடந்தாள். மூன்று மணி பஸ்ஸுக்கு டிக்கெட் வாங்கினாள். மணி ஒன்றுகூட ஆகவில்லை. நிலையத்துக்குள்ளேயே ஒரு மெஷின் இருந்தது. அது கண்ணில் படுகிற மாதிரி ஒரு பெஞ்சில் உட்கார்ந்து இரண்டரைக்காகக் காத்திருந்தாள்.

ஒன்று முப்பத்தைந்துக்கு அவள் ஃபோன் அடித்தது.

அவன் பேரும் படமும் திரையில் தெரிந்தன. அவளுக்கு நம்ப முடியவில்லை. அன்றைக்குக் குளிர்பதன இயந்திரம் நின்றுபோய், மாத்திரைப் பகுதியை மூடிவிட்டு எல்லோரையும் சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள் என்பது பல நாள் கழித்துத்தான் அவளுக்குத் தெரிந்தது. அப்போது தெரிந்தது ஒன்றுதான்: ஃபோன் அவன் கையில் இருக்கிறது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. பிறகு மெசேஜ்கள் வந்தன. எதற்குப் பணம் எடுத்தாய்? நெட் பேங்கிங்கை என்ன செய்தாய்? மூன்றாவது மெசேஜ், கடைத்தெருவிலேயே இரு, வந்துகொண்டிருக்கிறேன்.

கம்பெனியிலிருந்து கடைத்தெருவுக்கு முப்பத்தைந்து நிமிஷம். கடைத்தெருவில் அவளைக் காணவில்லை என்றால் அடுத்து எங்கே தேடுவான் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்று மணி பஸ்ஸுக்கு நின்றால் அவன் கையில் அகப்பட வேண்டியதுதான்.

டிக்கெட் கவுன்ட்டருக்கு ஓடினாள். மூக்கு நுனியில் கண்ணாடி வழிந்துகொண்டிருந்த ஒரு வயதான அம்மாள் அங்கே உட்கார்ந்திருந்தாள். இதற்கு முன்னால் ஏதாவது பஸ் உண்டா என்று அவள் தனக்குத் தெரிந்த அரைகுறை மொழியில் கேட்டாள். ஒன்று ஐம்பதுக்கு ஒன்று இருக்கிறது, ஆனால் அது எல்லா ஊரிலும் நின்று நின்று போகும், மூன்று மணி பஸ்ஸைவிட அரை மணி தாமதமாகத்தான் போய்ச் சேரும் என்று அந்த அம்மாள் பொறுமையாக விளக்கினாள். கவுன்ட்டர் பலகைமேல் வைத்திருந்த ஃபோன் மறுபடி அதிர ஆரம்பித்தது. அந்த அம்மாள் திரையில் தெரிந்த ஆண் முகத்தைப் பார்த்தாள். அவள் கையைப் பார்த்தாள். அது பலகையின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. டிக்கெட்டை மாற்றி அடித்துக் கொடுத்தாள். ஆறாவது பிளாட்ஃபார்ம், முன்வாசல் வழியாகச் சுற்ற வேண்டாம், இந்தப் பக்கம் போனால் சீக்கிரம் என்று தன் பின்னால் இருந்த கதவைக் காட்டினாள். அது ஊழியர்கள் மட்டும் போகிற கதவு.

பஸ் ஒன்று ஐம்பதுக்குக் கிளம்பவில்லை. டிரைவர் கீழே நின்று யாரோடோ சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தார். அவள் கடைசி வரிசைக்கு முன் வரிசையில், ஜன்னலோரம் வேண்டாம் என்று உள்பக்கமாக உட்கார்ந்தாள். சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒரு ஆள் பிளாட்ஃபார்மில் வேகமாக நடந்து வந்தான். கணவனிடமும் அதே நிறத்தில் ஒரு கோட்டு இருந்தது. அவள் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டுகிற மாதிரி பாவனை செய்தாள். வந்தவன் பஸ்ஸில் ஏறி, முன்னால் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து உரித்தான். அவள் நிமிரவே கொஞ்ச நேரம் ஆயிற்று. மணி இரண்டுக்குப் பஸ் நகர்ந்தது.

இரண்டே முக்காலுக்கு ஒரு சின்ன ஊரில் பத்து நிமிஷம் நிறுத்தினார்கள். சாலைக்கு எதிரே பெட்ரோல் பங்க், அதன் சுவரில் ஒரு மெஷின். ஊரில் தேதி மாறிக் கால் மணி நேரம் ஆகிவிட்டது. சாலையைத் தாண்டி ஓடினாள். கார்டைச் செருகினாள். பாதித் தொகையைத்தான் அடித்தாள். மெஷின் யோசித்தது. இந்தக் கார்டு நிறுத்தப்பட்டுள்ளது, உங்கள் பேங்க்கைத் தொடர்புகொள்ளவும் என்று எழுத்து வந்தது. கார்டு வரவில்லை. ரத்துப் பொத்தானை அழுத்தினாள், ஓட்டைக்குள் நகத்தை விட்டுப் பார்த்தாள். மெஷின் முதல் பக்கத்துக்குப் போய் அடுத்த ஆளுக்கு வரவேற்புச் சொல்லிக்கொண்டிருந்தது.

டிரைவர் ஹாரன் அடித்தார். அவள் திரும்பி வந்து ஏறினாள். உட்கார்ந்ததும் உள்பக்கப் பாக்கெட்டில் குத்திய ஊக்கைத் தொட்டுப் பார்த்தாள். இருப்பது பாதிப் பணம்தான். விடுதியில் சேர்ப்பார்களோ மாட்டார்களோ. இந்த மெஷினும் அவனுக்குச் சேதி சொல்லியிருந்தால் இந்த ஊரின் பேர் அவனுக்குத் தெரிந்திருக்கும், பஸ் எந்தத் திசையில் போகிறது என்று கணக்குப் போட அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அதற்கப்புறம் ஒரு மணி நேரம் பின்கண்ணாடி வழியாக வருகிற வண்டியை எல்லாம் பார்த்துக்கொண்டே வந்தாள். அவனுடையது வெள்ளைக் கார்; வெள்ளையாக எது வந்தாலும் இருக்கையில் சரிந்து உட்கார்ந்தாள். எல்லாம் தாண்டிப் போயின.

ஆறரை மணிக்கு லென்ஸ் அக்கா பஸ் நிலையத்தில் நின்றிருந்தாள். மூன்று மணி பஸ் வந்ததும் அதில் இவள் இல்லாததைப் பார்த்து அரை மணி நேரமாகத் தவித்துக்கொண்டிருந்திருக்கிறாள். இவளைப் பார்த்ததும் திட்ட ஆரம்பித்தவள் பாதியிலேயே நிறுத்திவிட்டுப் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

விடுதி அம்மாள் முன்பணம் பாதிதான் என்றதும் உதட்டைப் பிதுக்கினாள். லென்ஸ் அக்கா என் கட்டில் பணத்துக்கு நான் பொறுப்பு, இவள் கட்டிலுக்கும் நானே பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். விடுதி அம்மாள் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, போர்வையையும் தலையணை உறையையும் எடுத்து நீட்டினாள்.

கட்டிலில் உறை மாட்டிக்கொண்டிருக்கும்போது ஃபோன் அடித்தது. லென்ஸ் அக்கா எடுக்காதே என்று தலையை ஆட்டினாள். அவள் எடுத்தாள்.

"எங்க இருக்க?" என்றான்.

அந்தக் கேள்வியைக் கேட்டதும் அவளுக்கு உடம்பே லேசாகிவிட்டது. அவனுக்குத் தெரியவில்லை. மத்தியானத்திலிருந்து இதுவரை அவனுக்குத் தெரியவே இல்லை.

"நல்லா இருக்கேன்" என்றாள்.

"அதைக் கேக்கல. கார்டை நான் நிறுத்திட்டேன், தெரியும்ல? கையில இருக்கிறது எத்தனை நாளைக்கு வரும்? அப்புறம் எப்படிச் சாப்பிடுவ?"

"வேலைக்குப் போவேன்."

"உனக்கு இங்க யார் வேலை குடுப்பா?"

"அது என் பாடுங்க. நான் வரமாட்டேன். தேடாதீங்க." பாஸ்போர்ட் என்கிட்ட இருக்கு என்பதையும் சொன்னாள். பிறகு ஃபோனை வைத்துவிட்டு, உறையின் இன்னொரு முனையைப் பிடிக்கச் சொல்லி லென்ஸ் அக்காவிடம் நீட்டினாள்.

மறுவாரம் லென்ஸ் அக்கா லீவு போட்டு அவளைத் தூதரகத்துக்குக் கூட்டிப்போனாள். வரிசையில் மூன்று மணி நேரம் நின்று, பேங்க்கில் நம்பரை மாற்றுவதற்கான காகிதத்தில் அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டு, முத்திரை வாங்கி ஊருக்கு அனுப்பினார்கள். ஊரில் அவளுடைய கூடப்பிறந்த அக்கா அதை எடுத்துக்கொண்டு கிளைக்குப் போனாள். மேனேஜர் இன்று வா, நாளை வா என்று நாலு தடவை நடக்கவிட்டார். ஐந்தாவது தடவை அக்கா சாப்பாட்டுப் பொட்டலத்தோடு போய் அவர் மேஜைக்கு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கே நம்பர் மாறியது. அதற்குள் இவளுக்கு அந்தக் கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்திருந்தது. முதலில் கண்ணாடிச் சட்டங்களைத் துடைத்து அடுக்குகிற வேலைதான். பரீட்சை எழுதினால் பவர் பார்க்க விடுவதாகச் சொல்லியிருந்தார்கள்.

அவன் தேடி வரவில்லை. ஆனால் ஊரில் சொந்தக்காரர்களில் ஒருவரையும் விடாமல் எல்லோருக்கும் ஃபோன் போட்டு, பணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள் என்று சொல்லியிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா கூப்பிட்டார். அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. கல்யாணம் பேசி முடித்ததும் அவர்தான், மாப்பிள்ளை தங்கமான பையன் என்று சொன்னதும் அவர்தான். அவள் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு விடுதிப் படிக்கட்டில் உட்கார்ந்தாள்.

"எவ்வளவும்மா எடுத்த?"

அவள் தொகையைச் சொன்னாள்.

"யாரு பணம்?"

"என் பணம்தாம்பா. ஆஸ்பத்திரியில சம்பாதிச்சது."

பின்னால் அம்மா என்னவோ கேட்பதும், அப்பா இரு என்று சொல்வதும் கேட்டது.

"அப்ப அவனுக்கு அதுல என்ன பேச்சு?" என்றார். பிறகு, பரீட்சைக்கு எவ்வளவு கட்டணம், புத்தகம் இங்கேயிருந்து வாங்கி அனுப்பட்டுமா, பேரை அக்காவிடம் சொல், எழுதிக்கொள்வாள் என்று சொல்லி ஃபோனை அக்காவிடம் கொடுத்தார்.